ஆன் ஆகல: விழிக்க மறுக்கும் கணினியின் வரலாறு

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல."

நம் வீடுகளில் கணினிக்கு வரும் எல்லா நோய்க்கும் இந்த ஒரே பெயர்தான். பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றாலும் ஆன் ஆகல. விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்றாலும் ஆன் ஆகல. கம்பெனியின் சின்னம் வந்து அங்கேயே உறைந்து நிற்கிறது. விண்டோஸின் வட்டம் சுற்றிச் சுற்றிக் களைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நிற்கிறது. எல்லாமே ஆன் ஆகல.

டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார். கணினி பழுதுபார்ப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: "எது வரைக்கும் வருது?"

எளிய கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. கணினி ஒரே வீச்சில் விழித்துக்கொள்வதில்லை. படிப்படியாக விழிக்கிறது. ஒவ்வொரு படியும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் கட்டியது. புதிய படியைக் கட்டியவர்கள் பழையதை இடிக்கவில்லை, அதன் மேலேயே கட்டினார்கள். இன்று நம் மேசைகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி சில்லுகள்கூட மின்சாரம் பாயும் முதல் கணத்தில் தங்களை 1978-இல் வந்த 8086 என்று நினைத்துக்கொண்டுதான் கண் திறக்கின்றன. சில கட்டளைகளுக்குள் சுதாரித்து நிகழ்காலத்துக்கு வந்துவிடுகின்றன. இந்தப் பழைய பழக்கத்தை நீக்கிவிடலாம் என்று இன்டெல் 2023-இல் முன்மொழிந்தது. 2024 முடிவதற்குள் அந்த யோசனையையே கைவிட்டுவிட்டது.

ஆகவே எழாத கணினியைச் சரிசெய்வது ஒருவகையில் அகழாய்வு. எந்த அடுக்கில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "நான் இங்கே நின்றுவிட்டேன்" என்று எதிரே இருக்கிற மனிதரிடம் இயந்திரம் எப்படிச் சொன்னது, பிறகு ஏன் சொல்வதைக் குறைத்துக்கொண்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். தொழில்நுட்ப வரலாறுதான், ஆனால் வீட்டில் அந்தக் கணினி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

1. காலணி வார்

நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொன்றை யார் ஏற்றுவது? முட்டை முதலா, கோழி முதலா என்கிற அதே சிக்கல். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று, நடக்கவே நடக்காத காரியத்தை ஆங்கிலத்தில் கேலியாகச் சொல்வார்கள். அந்த வார்தான் பூட்ஸ்ட்ராப். கணினிப் பொறியாளர்கள் 1950களில் அந்தக் கேலியையே தங்கள் தொழிற்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அது தேய்ந்து 'பூட்' ஆனது.

1952-இல் ஐபிஎம் அறிவித்த 701 என்ற இயந்திரத்தில் 'லோட்' என்றொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ ஒரு சின்னஞ்சிறு துண்டை மட்டும் படிக்கும். அந்தத் துண்டுக்குள் அடுத்த துண்டைப் படிக்கும் கட்டளை இருக்கும், அதற்குள் அதற்கடுத்தது. நடக்காத காரியத்தை நடத்திக் காட்டிய தந்திரம் இவ்வளவுதான். இன்றும் இதுவேதான்.

இந்தத் தந்திரம் வீட்டுக்கு வந்தபோது பொத்தான்கூட இல்லை. 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 கணினிக்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள். அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் முதல் நிரலை மனிதர்தான் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, பைட் பைட்டாக உள்ளே செலுத்த வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச்சில், பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் மொழியைக் காட்டுவதற்கு ஆலன் அல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். இருவரும் அதுவரை ஆல்டேரைத் தொட்டதுகூட இல்லை. ஹார்வர்டில் இருந்த பெரிய கணினியில் பாவனை செய்து பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். விமானம் தரையிறங்கும் நேரத்தில் ஆலனுக்கு உறைத்தது: பேசிக்கை நாடாவிலிருந்து உள்ளே ஏற்றும் முதல் நிரலை யாருமே எழுதவில்லை. இருக்கையில் உட்கார்ந்தபடியே இயந்திரமொழியில் அதைக் கையால் எழுதினார். பிறகு ஆல்டேரின் சுவிட்சுகளில் அதைத் தட்டி ஏற்றினார், நாடா ஓடியது, தட்டச்சு இயந்திரம் நினைவகம் எவ்வளவு என்று கேட்டது. மைக்ரோசாஃப்ட் என்ற நிறுவனமே அந்த விமானத்தில் எழுதப்பட்ட சில பைட்டுகளின் மேல்தான் முதன்முதலில் எழுந்து நின்றது என்று சொல்லலாம்.

இந்தக் காலத்துக் கணினி எழவில்லை என்றால் எங்கே நின்றது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. நினைவகத்தின் எந்த முகவரியில், எந்த எண்ணில் நிற்கிறது என்பது முகப்பு விளக்குகளிலேயே தெரியும். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. முதல் பீப்

விளக்கு படிக்கத் தெரியாதவர்களின் வீட்டுக்கும் கணினி போக வேண்டுமானால், மனிதர் தட்டிய அந்த முதல் நிரலை அழியாத ஒரு சில்லுக்குள் நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். கேரி கில்டால் தன் சிபி/எம் இயங்குதளத்தில், குறிப்பிட்ட வன்பொருளோடு மட்டும் பேசும் பகுதியைத் தனியே பிரித்து அதற்கு பயாஸ் என்று பெயரிட்டிருந்தார். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தபோது, அந்தப் பெயர் போர்டில் இருந்த சில்லின் பெயராக ஆனது.

எனக்கு ஐபிஎம் பொறியாளர்கள் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். பயாஸ் விழித்ததும் முதலில் தன்னையே சோதித்துக்கொண்டது. பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட், சுருக்கமாகப் போஸ்ட். நினைவகம் சரியா, விசைப்பலகை இருக்கிறதா, ஃப்ளாப்பி பதில் சொல்கிறதா? எல்லாம் சரியென்றால் ஒரு குட்டையான பீப். பழுதென்றால் திரையில் எண் வரும். 201 என்றால் நினைவகம், 301 விசைப்பலகை, 601 ஃப்ளாப்பி. திரையே பழுது என்றால்? அதற்காகத்தான் பீப். திரையில் எழுத முடியாத கணினி, ஒலியால் சொன்னது. உடம்பு முழுக்கப் படுத்துவிட்டாலும் முனக மட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். வட்டு எதுவுமே இல்லையென்றால் இந்தக் கணினி நின்றுவிடாது. சில்லுக்குள்ளேயே இருந்த பேசிக் மொழியைத் திறந்து கொடுத்துவிடும். அந்தப் பயாஸின் முழு மூலநிரலையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றார்கள். காப்புரிமை அவர்களுடையதுதான், நகலெடுக்க முடியாது. ஆனால் உன் கணினி காலையில் கண் திறந்ததும் என்ன செய்கிறது என்று வரிவரியாக நீ படிக்கலாம்.

படித்தார்கள். காம்பாக் நிறுவனம் ஒரு குழுவைக் கையேட்டைப் படித்து 'இது என்ன செய்கிறது' என்று மட்டும் குறிப்பெழுத வைத்தது. மூலநிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்து புதிதாக ஒரு பயாஸை எழுதியது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே வழியில் எழுதிய பயாஸை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விற்கத் தொடங்கியது. அவார்ட், ஏஎம்ஐ என்று மற்றவர்களும் வந்தார்கள். 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர்' என்று நாம் சொல்லும் வம்சம் இங்கேதான் பிறந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு ஒரு கடையிலும் ராம் ஒரு கடையிலும் கேபினெட் வேறொரு கடையிலும் வாங்கிப் பூட்டிய எல்லாக் கணினிகளுக்கும் இதுவே பூர்வீகம்.

வம்சம் பெருகியதும் பாஷை பிரிந்தது. அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளேயில் கோளாறு. ஏஎம்ஐயில் அதையே எட்டுக் குட்டை பீப்களாகச் சொன்னார்கள். ஃபீனிக்ஸ் இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாக அடித்தது. நகல் கணினிகளில் ஐபிஎம்மின் பேசிக் இல்லை. ஆகவே ஏஎம்ஐ பயாஸ் கொண்ட கணினிகள், வட்டு கிடைக்காதபோது "ரோம் பேசிக் இல்லை, சிஸ்டம் நிறுத்தப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி நின்றன. பேசிக் என்றால் என்னவென்றே கேள்விப்படாதவர்கள் அதைப் பார்த்துத் திகைத்தார்கள். உண்மையில் ஹார்ட் டிஸ்கின் கேபிள் கழன்றிருக்கும். செத்துப்போன தாத்தாவின் பெயரைச் சொல்லி அழுகிற குழந்தை மாதிரி.

3. குக்கர் விசில்

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் இருந்ததும் அசெம்பிள்டு கணினிதான். அதைப் பூட்டிக் கொடுத்த அண்ணன் நேரில் வர இரண்டு நாள் ஆகும். அதனால் போனிலேயே வைத்தியம் நடக்கும்.

"தம்பி, பீப் வருதா?"

"வருதுண்ணா."

"எப்படி வருது? ஒண்ணா, விட்டு விட்டா?"

நான் எண்ணுவதற்குள் சமையலறையிலிருந்து அம்மா சொல்லிவிடுவார்: "நீளமா, விட்டு விட்டு, நிக்காம கத்துதுப்பா." குக்கர் விசிலை எண்ணிப் பழகிய காது. நிற்காமல் நீளமாகக் கத்தினால் ராம். அண்ணன் அடுத்த வரியைச் சொல்வார்: "பிளக்கைப் புடுங்கிட்டு, ராமைக் கழட்டி, ரப்பரால தேச்சு மாட்டு."

பென்சில் அழிக்கும் ரப்பர். ராமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளில் தூசியும் அழுக்கும் ஏறிவிடும். நம் ஊர்ப் புழுதிக்கும் கடலோர ஈரத்துக்கும் அது சீக்கிரமே ஏறும். தொடர்பு விட்டுப்போனால் பயாஸுக்கு நினைவகம் தெரியாது. மெதுவாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்தினால் பல சமயம் கணினி எழுந்துவிடும். கழற்றி மாட்டுவதே பாதி மருந்து என்பதும் உண்மை.

அந்தக் காலத்து வீட்டு வைத்தியத்தை இன்று திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு முறைமை இருப்பது தெரிகிறது. விளக்கே எரியவில்லையா, முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படு. 1995-க்குப் பிறகு வந்த ஏடிஎக்ஸ் வகையில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் அது போர்டு இல்லாமலேயே தனியாக ஓடும், தெரிந்தவர்கள் அப்படிச் சோதிப்பார்கள். விசிறி சுற்றி, பீப்பும் இல்லையா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்துப் பார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர், எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. கடிகாரம் பல வருடம் பின்னால் போய், எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறதா? காசு அளவே இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்று. 2000களின் போர்டுகளில் பிராசஸருக்குப் பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் இட்லி மாதிரி உப்பியிருக்கிறதா? அந்த ஆண்டுகளில் சந்தைக்கு வந்த தரமில்லாத கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் உப்பி வெடித்தன.

தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட ஆண்டுகளும் இவைதான். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய கோப்பு மிச்சம். மறுநாள் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று கறுப்புத் திரையில் வரும். விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றவேண்டிய முதல் கோப்பைக் காணோம் என்று பொருள். சில சமயம் கோப்பு பத்திரமாகவே இருக்கும். ஃப்ளாப்பியை எடுக்க மறந்திருப்போம், கணினி அதில் போய்த் தேடியிருக்கும். ஒரே வரி, எழுத்துகள் புரியாதவை, ஆனால் அந்த வரியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் யாரிடமாவது காட்டினால் அவர் பதில் சொல்வார். இன்னும் தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் கடைகளில் டிபக் கார்டு இருந்தது. போர்டில் செருகினால் போஸ்ட் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இரண்டு இலக்கத்தில் காட்டும்.

அதாவது, எங்கே நின்றேன் என்று சொல்வதை அந்தக் கணினி தன் கடமையாக நினைத்தது. கேட்பவர் இன்ஜினியரா, சமையலறையில் இருக்கும் அம்மாவா என்று அது பார்க்கவில்லை.

4. யாரையும் நம்பும் 512 பைட்

பயாஸ் தன் சோதனை முடிந்ததும் வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிடும். அதன் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று கேட்காது. வாசலில் நின்று "நான்தான்" என்றால் கதவைத் திறந்துவிடும் வீடு.

1986-இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. ஃப்ளாப்பியின் முதல் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, கணினி எழும்போது தானும் எழுந்தது. ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸ் என்று சொல்லப்படும் அதில் சகோதரர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாமே இருந்தன. விலாசம் கொடுத்துவிட்டு வந்த கடைசித் திருடன் அதுவாகத்தான் இருக்கும்.

1999 ஏப்ரல் 26 வேறு மாதிரி. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டில் எழுதிய சிஐஎச், செர்னோபில் விபத்தின் அதே தேதியில் விழித்து, ஹார்ட் டிஸ்கின் முதல் பகுதியை அழித்தது. சில வகை போர்டுகளில் பயாஸ் சில்லின் மேலேயே குப்பையை எழுதியது. அதுவரை வைரஸ் வந்தால் ஃபார்மட் செய்தால் போதும். இப்போது பொத்தானை அழுத்தினால் திரையும் இல்லை, பீப்பும் இல்லை. சில்லைக் கழற்றி வேறு கருவியில் திரும்ப எழுத வேண்டும், அல்லது போர்டையே மாற்ற வேண்டும். முனகுவதற்கு வைத்திருந்த அந்த ஒரு வழியையும் மென்பொருள் அடைத்துவிட முடியும் என்பது அன்று தெரிந்தது.

பூட்டு வந்ததற்கு இது நியாயமான காரணம். அதை மறந்துவிட்டு அடுத்த பகுதியைப் படிக்கக் கூடாது.

5. சோக முகம்

இன்டெல் தன் இட்டேனியம் சில்லுகளுக்காகத் தொடங்கிய ஈஎஃப்ஐ, 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போய் யூஇஎஃப்ஐ ஆனது. பயாஸின் இடத்தை அது மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட்டும் வந்தது. இனி முதல் நிரல் கையொப்பத்தோடு வர வேண்டும், கையொப்பம் தெரியாதது என்றால் உள்ளே விடாது. லினக்ஸ்காரர்கள்கூடத் தங்கள் முதல் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தை வாங்கவேண்டி வந்தது. அந்தப் பூட்டை அணைக்கும் வசதியை உரிமையாளருக்குத் தந்தே ஆகவேண்டும் என்று விண்டோஸ் 8 காலத்தில் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களுக்கு விதித்திருந்தது. விண்டோஸ் 10-இல் அது அவரவர் விருப்பம் என்றானது.

இதே ஆண்டுகளில்தான் கணினி பேச்சைக் குறைத்தது. போர்டுகளிலிருந்து ஸ்பீக்கர் காணாமல் போனது. வேகமாக எழவேண்டும் என்பதற்காகச் சோதனை வரிகள் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் மறைந்தன. விண்டோஸ் 8-இன் நீலத்திரையில் நினைவக முகவரிகளுக்குப் பதிலாக ஒரு சோக முகமும், கணினிக்கு ஏதோ பிரச்சினை என்ற ஒரு வாக்கியமும் வந்தன. 2016-இல் ஒரு க்யூஆர் குறி சேர்ந்தது. போனில் பிடித்தால் எல்லா நோய்க்கும் பொதுவான ஓர் உதவிப் பக்கத்துக்குப் போகும். பயனரைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருக்கலாம். ஆனால் "ஏதோ பிரச்சினை" என்பது "ஆன் ஆகல" என்று நாம் சொல்வதற்குச் சமம். நோயாளியும் டாக்டரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால் வைத்தியம் எப்படி நடக்கும்?

2024 ஜூலை 19 அன்று இது உலக அளவில் நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு சிறு கோப்பு, விண்டோஸ் எழும் பாதையிலேயே அதைக் கவிழ்த்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். அலுவலகங்களுக்கான மென்பொருள் என்பதால் வீடுகள் தப்பின, விமான நிலையங்கள் தப்பவில்லை. இந்தியாவில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்திய கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் தயார். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக்கூடக் கணினிகள் எழவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் நுழைந்து, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கும் முன்னால் 48 இலக்கச் சாவியைத் தட்டவேண்டும்.

அந்த 48 இலக்கம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்று வாங்கும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து விண்டோஸ் 11-ஐ அமைத்ததும் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. திருடு போனால் உங்கள் கோப்புகளை யாரும் படிக்க முடியாது என்பது பெரிய நன்மை. ஆனால் பயாஸ் அப்டேட்டோ போர்டு மாற்றமோ நடந்தால் கணினி உங்களையே திருடனாகப் பார்த்து சாவி கேட்கக்கூடும். சாவி அந்தக் கணக்கில் இருக்கிறது. கணக்கு, கடையில் விற்றவர் அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சலில் இருந்தால் அப்பாவின் பென்ஷன் காகிதங்களும் குழந்தையின் புகைப்படங்களும் அத்தோடு சரி. ரப்பரால் தேய்த்து அந்தக் கதவைத் திறக்க முடியாது. இதைப் படித்து முடித்ததும் அந்தச் சாவி எங்கே என்று ஒருமுறை பார்த்து, காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும் என்ற நிபந்தனைகளால், தினமும் ஒழுங்காக எழுகிற ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாதவை ஆயின. முன்பு நோயுள்ள கணினி எழவில்லை. இப்போது நோயில்லாத கணினியை எழவேண்டாம் என்கிறார்கள். லினக்ஸ் போட்டு அவற்றை இன்னும் பல ஆண்டு ஓட்டலாம் என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பும் வேண்டும், பதிலும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. விலை கூடிய மதர்போர்டுகளில் சில ஆண்டுகளாகவே நான்கு குட்டி விளக்குகள் வருகின்றன: பிராசஸர், ராம், டிஸ்பிளே, பூட். எந்த விளக்கில் நிற்கிறதோ அங்கே கோளாறு. எந்தப் பூட்டையும் இது தளர்த்துவதில்லை. ஆல்டேரின் முகப்பில் 1975-இல் மின்னிய அதே யோசனைதான், கேமிங்குக்காகச் செலவழிப்பவர்களுக்கு மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஒரு விளக்கின் விலை சில ரூபாய். வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஒற்றைப் பழைய மடிக்கணினிக்கும் அது இருந்திருக்கலாம்.